எங்க ஆயா எந்தப் பக்கத்துல வருவாங்க? நூலகத்தில் குடும்பக் கதைகளைத் தேடத் தொடங்குவோருக்கு

எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குக் கதை படித்துக்காட்டத் தொடங்கிய இரண்டாவது வாரம். நான் எடுத்த படப் புத்தகத்தில் ஒரு வீடு. அப்பா பேப்பர் படிக்கிறார், அம்மா சமைக்கிறார், தாத்தாவும் பாட்டியும் ஊஞ்சலில் ஆடுகிறார்கள், அண்ணனும் தங்கையும் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். படித்து முடித்ததும் ஏழு வயதுப் பெண் ஒருத்தி புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினாள்.

"எங்க ஆயா எந்தப் பக்கத்துல வருவாங்க?"

பாட்டி படத்தைக் காட்டினேன்.

"இது பாட்டி. எங்க ஆயா மீன் விக்கும். ஆயாகூடதான் நான் இருக்கேன்."

அந்த வீட்டில் அவளும் ஆயாவும் மட்டும்தான் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த சனிக்கிழமைக்குள் ஆயா வரும் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பினேன். பிடிக்க ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்திலும் பிறகும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். சென்னையில் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்ட நினைக்கிறவர்கள், தன் குழந்தைக்கே இப்படிப் புத்தகம் தேடுகிற பெற்றோர், யாருக்கும் உதவும்.

முதலில் ஒரு நோட்டு

நேரே நூலகத்துக்குப் போய்விடாதீர்கள். உங்கள் தெருவில், குடியிருப்பில், பிள்ளைகள் எந்த மாதிரி வீடுகளிலிருந்து வருகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், வீட்டின் வகை மட்டும். என் பக்கத்தில் இருப்பவை: அப்பா துபாயில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். அம்மா மட்டும். அப்பாவும் அவருடைய இரண்டாம் மனைவியும். சாதி மாறிக் கல்யாணம் செய்ததால் தாத்தா பாட்டி யாரென்றே தெரியாத பிள்ளை. அம்மா இந்து, அப்பா கிறிஸ்தவர். தத்தெடுத்த குழந்தை. அப்பா அம்மா இருவருக்கும் காது கேட்காத வீடு. விடுதியில் வளரும் மூன்று பேர். கட்டட வேலைக்கு பீகாரிலிருந்து வந்த குடும்பம். திருநங்கை அத்தை ஒருவர் தினமும் பள்ளிக்குக் கொண்டுவந்து விடும் பையன்.

"இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு" என்று யாராவது சொன்னால் இந்த நோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் 1968 முதல் இங்கே சட்டப்படி செல்லும். பெற்றவர்கள் வளர்க்க முடியாத குழந்தைகளுக்காகத் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது 1992இல். திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது 2008இல். இன்னும் பின்னே போனால், துளசிச் செடியடியில் கிடைத்த பெண் குழந்தையை எடுத்து வளர்த்தவர் பெரியாழ்வார். முருகனை வளர்த்தது கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். ஆறு அம்மா உள்ள பிள்ளையை வடபழனியில் வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு வருகிற ஊர் இது.

உறுப்பினர் ஆவது

இது எளிது, சீக்கிரம் முடித்துவிடலாம். வீட்டுக்கு அருகிலுள்ள அரசுக் கிளை நூலகத்துக்கு முகவரிச் சான்றின் நகலோடு போங்கள். காப்புத்தொகையும் சந்தாவும் சேர்ந்தாலும் ஒரு சினிமா டிக்கெட் விலையைத் தாண்டாது. பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும், பிள்ளைகளோடு போக அதுவே தோது. சொத்து வரி கட்டும்போதெல்லாம் அதனோடு நூலக வரியும் கட்டியிருக்கிறோம், அதனால் தயங்காமல் உள்ளே போகலாம். இந்த ஏற்பாடு 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது அவர் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டாவது. மீன் விற்கும் ஆயாவின் பேத்தியும் ஒரு வாசகர்தானே.

கிளை நூலகம் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போக. ஒரே நாளில் நிறையப் புத்தகங்களைப் பார்க்க வேண்டுமென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010இல் திறந்தது, முதல் தளத்தில் பெரிய குழந்தைகள் பிரிவு இருக்கிறது. பிள்ளை ஒரு பக்கம் புரட்டட்டும், நீங்கள் அலமாரி அலமாரியாகப் பாருங்கள். பழைய தமிழ்க் குழந்தை நூல் ஏதாவது எங்கும் கிடைக்காமல் போனால் எழும்பூர் கன்னிமாரா. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் புத்தகங்களில் ஒரு படி அங்கே வந்து சேர வேண்டும்.

தேடுவது

இங்கேதான் புதியவர்கள் சோர்ந்து போவார்கள். நானும் சோர்ந்தேன். பட்டியலில் "குடும்பம்" என்று தேடினால் இல்லறம் சிறக்க வழிகள், திருமணப் பொருத்தம், மாமியார் மருமகள் நகைச்சுவை எல்லாம் வரும். குழந்தைக் கதைகளை யாரும் பொருள்வாரியாகப் பிரித்து வைப்பதில்லை, சிறுவர் பகுதி என்று மொத்தமாக ஓரிடத்தில் இருக்கும். அதனால் பொருளைச் சொல்லித் தேடாமல் பதிப்பகத்தின் பெயரைப் பார்த்து எடுங்கள்.

சென்னையிலேயே துலிகா இருக்கிறது. 1996 முதல் இயங்குகிறது, தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் படப் புத்தகங்கள் போடுகிறார்கள். மாற்றுத்திறன், தத்து, பையன் இப்படித்தான் பெண் இப்படித்தான் என்ற கட்டுகள் ஆகியவற்றைக் கதைக்குள் கொண்டுவந்தவர்களில் அவர்கள் முன்னோடிகள். திருவான்மியூரில் தாரா. பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ரன்' வரிசை மெல்லியது, விலை குறைவு, கிளை நூலகங்களிலும் கண்ணில் படும். நேஷனல் புக் டிரஸ்டின் பழைய படப் புத்தகங்களில் மலைக்கிராம வீடு, மீனவர் வீடு, நாடோடிக் கூடாரம் எல்லாம் சர்வசாதாரணமாக வரும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை போட்டிருப்பதால் எந்தப் பிள்ளைக்கு எது என்று குழம்ப வேண்டியதில்லை.

பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கதைகள் இலவசம், தரவிறக்கி அச்சிடலாம், மொழிபெயர்க்கவும் அனுமதி உண்டு. இரண்டு அம்மா உள்ள வீடு, இரண்டு அப்பா உள்ள வீடு வருகிற படப் புத்தகம் தமிழில் அரிது. அப்படியொரு கதை வேறு மொழியில் அங்கே கண்ணில் பட்டால் நீங்களே தமிழாக்கி, வண்ண அச்செடுத்து, நடுவில் பின் அடித்து வைத்துக்கொள்ளலாம். எழுதியவர், வரைந்தவர் பெயரை மட்டும் விடாமல் போடுங்கள், உரிமத்தின் நிபந்தனையே அதுதான்.

எடுப்பதா வைப்பதா

கையில் வந்த புத்தகத்தை முதலில் எழுத்தைப் படிக்காமல் படங்களை மட்டும் பாருங்கள். அடுப்படியில் யார் நிற்கிறார்கள்? நல்லவர்கள் எல்லாம் வெள்ளையாகவும் திருடன் மட்டும் கறுப்பாகவும் இருக்கிறார்களா? சுவரில் ஒரே மாதிரிச் சாமி படங்கள்தானா? சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை இருந்தால், அது விளையாட்டில் சேர்ந்திருக்கிறதா, ஓரமாக நின்று கை தட்டுகிறதா? பத்து நிமிடத்தில் பாதிப் புத்தகங்கள் கழிந்துவிடும்.

அடுத்து எழுத்து. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: படித்து முடித்ததும் கேட்கிற பிள்ளையின் வாயில் "பாவம்" என்ற சொல் வருமா? வரும் என்று தோன்றினால் வைத்துவிடுவேன். தத்துக் குழந்தை கடைசியில் உண்மையான அரசிக்குப் பிறந்த இளவரசன் என்று தெரியவரும் கதை, அப்பா இல்லாத பையன் படித்து முன்னேறி ஊரே மெச்சும் கதை, கால் நடக்க முடியாதவள் ஏதோ ஒரு சாதனை செய்த பிறகுதான் மற்றவர்கள் சேர்த்துக்கொள்ளும் கதை எல்லாமே நல்லெண்ணத்தில் எழுதியவைதான். ஆனால் ஏதாவது சாதித்தால்தான் உனக்கு இங்கே இடம் என்று அவை ஒரு குழந்தையிடம் சொல்லிவிடுகின்றன. நமக்கு வேண்டியது ஆயாவும் பேத்தியும் ஆட்டுக்குட்டியைத் தேடி அலையும் கதை. அந்த வீட்டில் அவர்கள் இருவர் மட்டும் என்பது கதையில் ஒரு செய்தியே ஆகக் கூடாது. முக்கியமானது ஆட்டுக்குட்டி.

மாற்றாந்தாய்க் கதைகளை என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். நம் நாட்டுப்புறக் கதைகளில் பாதியில் சித்தி கொடுமைக்காரி. மொழியிலேயே ஏறியிருக்கிறது. மத்திய அரசு நிதி தராவிட்டால் "மாற்றாந்தாய் மனப்பான்மை" என்று செய்தியில் வாசிக்கிறார்கள். சித்தியோடு சந்தோஷமாக இருக்கும் பிள்ளையும் அதே செய்தியைக் கேட்டுக்கொண்டுதான் சாப்பிடுகிறது. அந்தக் கதைகளைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அதே வாரம் நல்ல சித்தி வரும் கதை ஒன்றையும் சேர்த்துப் படியுங்கள், போதும்.

சொற்களையும் பாருங்கள். பழைய பதிப்புகளில் "முடவன்", "மலடி", "அநாதை" என்று தாராளமாக வரும். மாற்றுத்திறனாளி, திருநங்கை, திருநம்பி என்ற சொற்களெல்லாம் இன்று நம்மிடம் இருக்கின்றன. 2022இல் தமிழக அரசு பால்புதுமையினர் (எல்.ஜி.பி.டி.க்யூ.) குறித்த சொற்பட்டியல் ஒன்றை அரசிதழிலேயே வெளியிட்டது. படிக்கும்போது வாயிலேயே மாற்றிப் படித்துவிடலாம், நூலகப் புத்தகத்தில் பேனாவால் அடிக்க வேண்டாம்.

மொழிபெயர்ப்பு என்றால் ஒரு பக்கம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். "நான் உன்னை மிகவும் நேசிக்கிறேன், அப்பா" என்று ஒரு பிள்ளை சொன்னால் மயிலாப்பூரிலும் சிரிப்பார்கள், மணலியிலும் சிரிப்பார்கள்.

நூலகத்தில் இல்லையென்றால்

நூலகரிடம் சண்டை போடாதீர்கள். எந்தப் புத்தகம் வாங்குவது என்பது பெரும்பாலும் அவர் கையில் இல்லை. பொது நூலக இயக்ககம் வழியாக மொத்தமாகத் தேர்ந்தெடுத்து வாங்கி அனுப்புகிறார்கள். நீங்கள் செய்யக்கூடியது, வேண்டிய புத்தகங்களின் பெயர், பதிப்பகம், விலை மூன்றையும் எழுதி, நாலைந்து உறுப்பினர்கள் கையெழுத்தோடு கொடுப்பது. வாசகர் வட்டம் இருந்தால் அதன் வழியாகக் கொடுப்பது இன்னும் நல்லது.

வேகமான வழி நன்கொடை. ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் புத்தகக் காட்சியில் பத்து சதவீதக் கழிவு உண்டு. படப் புத்தகங்கள் மெலிந்தவை என்பதால் 1000 ரூபாயில் ஒரு கட்டு சேர்ந்துவிடும். ஆனால் வாங்கும் முன் நூலகரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். அவர் அவற்றைப் பதிவேட்டில் ஏற்றினால்தான் இரவல் போகும். இல்லாவிட்டால் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். ஒருமுறை நான் சொல்லாமல் கொள்ளாமல் கொண்டுபோய் வைத்த ஏழு புத்தகங்கள் இன்னும் ஏதோ ஒரு பீரோவில்தான் இருக்கின்றன.

படித்துக்காட்டும்போது

இதை நான் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டேன். தத்தெடுத்த பிள்ளை ஒன்று வந்திருந்த நாளில், தத்துக் கதையை எடுத்து, அந்தப் பிள்ளையை அவ்வப்போது பார்த்துப் பார்த்துப் படித்தேன். கதை முடிவதற்குள் மற்ற பிள்ளைகளும் அதையே பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அது அடுத்த இரண்டு வாரம் வரவில்லை.

அதனால் எந்தப் புத்தகத்தையும் ஒரு பிள்ளைக்காக என்று எடுக்காதீர்கள். எல்லோருக்கும் படியுங்கள், சம்பந்தப்பட்ட பிள்ளை வராத நாளிலும் படியுங்கள். பத்துப் புத்தகம் எடுத்துப் போனால் அதில் இரண்டோ மூன்றோ இப்படி இருக்கட்டும். மற்றவை யானை, ரயில், பூதம், பரோட்டா. "உன்னை மாதிரியே பாத்தியா" என்ற வாக்கியத்தை வாயிலேயே கொண்டுவர வேண்டாம். "உங்க வீட்ல யார் யார் இருக்காங்க?" என்று வட்டமாக உட்காரவைத்துக் கேட்பதும் வேண்டாம். கதையைப் பற்றியே கேளுங்கள்: இந்த வீட்டில் யார் யாருக்குச் சாப்பாடு போடுகிறார்கள், ராத்திரி பயமாக இருந்தால் இந்தப் பையன் யாரிடம் போவான். சொல்ல நினைக்கிற பிள்ளை தன் வீட்டைப் பற்றி அதுவாகவே சொல்லும். படம் வரையச் சொன்னால் கிளைகிளையாகப் பெட்டி போட்ட வம்ச வரைபடம் வேண்டாம். நேற்று ராத்திரி உன்னோடு சாப்பிட்டவர்களை வரை என்று சொன்னால் எந்தப் பெட்டியும் காலியாக நிற்காது. ஒரு பையன் பூனையை வரைந்தான். சரிதானே, அதுவும் சாப்பிட்டது.

பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். "இவனுக்கு ஏன் ரெண்டு அம்மா?" என்றால், "ரெண்டு பேரும் சேர்ந்து இவனை வளக்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள். திருநங்கை அக்காவைப் பார்த்து யாராவது சிரித்தால், "அவங்க பேர் என்னன்னு முதல் பக்கத்துல இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?" என்று கதைக்கே கூட்டிவாருங்கள். கேட்ட அளவுக்கு மட்டும் பதில். நாம்தான் பத்து நிமிடம் விளக்கம் சொல்லிக் குழப்புகிறோம்.

பெரியவர்கள் கேட்டால் வேறு. ஒருநாள் ஒரு அம்மா வாசலில் நின்று, "ஏங்க, சின்னப் பசங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார். நான் சட்டம் பேசத் தொடங்கினேன். பேச நிறையவே இருக்கிறது: திருநர்களின் பாலின அடையாளத்தை ஏற்ற 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, திருநங்கை ஒருவரின் திருமணம் செல்லும் என்று 2019இல் வந்த சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளைத் தீர்ப்பு, கல்யாணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழி அல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அவருடைய முகம் இறுகிக்கொண்டே போனது. பக்கத்திலிருந்த நூலகர்தான் புத்தகத்தை எடுத்து நீட்டினார். "நீங்களே ஒரு தடவை படிச்சுட்டுச் சொல்லுங்கம்மா, பதினாறு பக்கம்தான்." அவர் அங்கேயே நின்று படித்தார். பிடித்தது என்று சொல்லவில்லை, மகளை அழைத்துப் போய்விடவும் இல்லை. அதன் பிறகு புதுப் புத்தகம் எதையும் முதலில் நூலகரிடம் காட்டிவிட்டுத்தான் படிக்கிறேன். கேள்வி வந்தால் பதில் சொல்லப்போவது அவரும்தான். தன் பிள்ளைக்கு ஒரு புத்தகம் வேண்டாம் என்று ஒரு பெற்றோர் சொன்னால் சரி என்று விட்டுவிடுங்கள். அலமாரியிலிருந்தே எடுங்கள் என்றால், எழுத்தில் கொடுங்கள் என்று பணிவாகச் சொல்லலாம். இதுவரை யாரும் எனக்கு எழுதிக் கொடுத்ததில்லை.

இன்னொன்று. இப்படிக் கதைகள் படிக்கும்போது பிள்ளைகள் சில நேரம் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். அதை வெளியே போய்ப் பேசாதீர்கள். அடி, பட்டினி, யாரோ தொடுவது என்று எதுவும் காதில் விழுந்தால் மட்டும் நமக்குள்ளே வைத்திருக்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098, எந்த நேரமும் கூப்பிடலாம்.

தொடங்க ஒரு நாள் வேண்டுமென்றால் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அந்த வாரத்தில் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாமா என்று நூலகர்களே ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். முதல் நாளுக்கு நான்கு புத்தகங்கள், நாற்பது நிமிடம், கொஞ்சம் கடலை மிட்டாய் போதும். மிட்டாயைக் கடைசியில் கொடுங்கள், பக்கங்களில் ஒட்டும்.

அந்த ஆயா புத்தகத்தை மீன்காரரின் பேத்தி எடுத்துப் போய் மூன்று முறை புதுப்பித்தாள். அட்டை பிய்ந்து, நூலகர் பசை போட்டு ஒட்டிக்கொடுத்தார். நான்காவது முறை அவள் வந்து கேட்டபோது ஒரு பையன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் வீட்டில் ஆயா கிடையாது. அவனுக்கு ஆட்டுக்குட்டிதான் வேண்டும்.